தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் ஆட்டம்

நான்கு சக்கர இயக்கம் கொண்ட வாகனங்களுள், இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே இரும்புக் கூட்டால் இணைக்கும் திட ஆக்சிலைக் கொண்டவற்றுக்கு, மற்றக் கார்களில் அரிதாகவே காணப்படும் ஒரு கோளாறு உண்டு. மணிக்கு 70 அல்லது 80 கி.மீ. வேகத்தில் நேராகச் சென்றுகொண்டிருக்கும் வண்டியின் ஒரு முன்சக்கரம் சிறு பள்ளத்திலோ பாலத்தின் இணைப்பிலோ இறங்கி ஏறிய மறுகணம், ஸ்டீயரிங் இடமும் வலமுமாக உதறத் தொடங்கி, ஓரிரு நொடிகளுக்குள் கையால் அடக்க முடியாத அளவுக்கு வளர்ந்து, முன்பக்கம் முழுவதையும் உலுக்கிவிடுகிறது. ஓட்டுநர் வேகத்தைப் பெருமளவு குறைக்கும் வரை அது ஓய்வதில்லை. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதை வீல் ஆட்டம் என்றும் வாபிளிங் என்றும் சொல்கிறார்கள். அமெரிக்க ஜீப் உரிமையாளர்களிடையே இதற்கு டெத் வாபிள் என்று பெயர். இந்த ஆட்டம் வந்தவுடன் பெரும்பாலோர் முதலில் சக்கரங்களைப் பேலன்சிங் செய்கிறார்கள், அது பலிக்காதபோது ஸ்டீயரிங்கின் அசைவைத் தணிக்கும் டாம்பரைப் புதிதாக மாற்றுகிறார்கள். சில வாரங்கள் அமைதியாக இருந்தபின் ஆட்டம் திரும்பி வருகிறது. அது ஏன் திரும்பி வருகிறது என்பதற்கான விடை, அதிர்வுகளில் இரண்டு வகைகள் உண்டு என்பதில் அடங்கியிருக்கிறது.

முதல் வகை, வெளியிலிருந்து ஒரு விசை சீராகத் தட்டித் தட்டி உண்டாக்கும் அதிர்வு. இயற்பியலில் இதைத் திணிப்பு அதிர்வு என்பர். எடை சமமின்றிப் பரவிய சக்கரம் இதற்கு நேரான எடுத்துக்காட்டு. 31 அங்குல விட்டமுள்ள டயரின் சுற்றளவு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் என்பதால், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 9 முறை சுழல்கிறது. ரிம்மின் விளிம்பில் 30 கிராம் அளவுக்கு எடை கூடுதலாக இருந்தால், ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறத்தாழ 2 கிலோ எடைக்கு நிகரான விசை அச்சை ஒருமுறை இழுக்கிறது. இந்த 9 என்னும் எண், சக்கரமும் ஸ்டீயரிங் தண்டுகளும் சேர்ந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண்ணுக்கு அருகில் அமைந்துவிட்டால் ஒத்ததிர்வு உண்டாகி, ஸ்டீயரிங் நடுங்குகிறது. ஆனால் வேகம் சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ பொருத்தம் கலைந்து நடுக்கமும் அடங்கிவிடும். தொல்லை தரும் இந்த நடுக்கம் அடக்க முடியாத ஆபத்தாக வளர்வதில்லை.

இரண்டாம் வகையில் அதிர்வைத் தூண்டும் விசையை அதிர்வே பிறப்பித்துக்கொள்கிறது. இதற்குத் தற்கிளர்வு அலைவு என்று பெயர். கடைகளில் சாமான் தள்ளும் வண்டியின் முன்சக்கரம் குறிப்பிட்ட வேகத்தில் படபடவென்று இருபுறமும் அடித்துக்கொள்வதும், விமானத்தின் மூக்குச் சக்கரம் ஓடுபாதையில் உதறுவதும் இந்த வகையே. ஆட்டத்துக்கு வேண்டிய ஆற்றல் வண்டியின் முன்னோக்கிய ஓட்டத்திலிருந்து கிடைக்கிறது. அதைப் பக்கவாட்டு அசைவாக மாற்றிக் கொடுப்பது டயர்.

டயரின் ரப்பர் வளையக்கூடியது என்பதால், சக்கரம் ஒரு பக்கம் திரும்பிய உடனே அதற்குரிய பக்கவாட்டு விசை தோன்றிவிடுவதில்லை. சக்கரம் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடைப்பட்ட நழுவுகோணம் ஏற்பட்டபின், ஏறத்தாழ அரை மீட்டர் தூரம் உருண்டால்தான் விசை அதன் முழு அளவை நெருங்குகிறது. மணிக்கு 72 கி.மீ. என்பது நொடிக்கு 20 மீட்டர் ஆகையால், இந்த அரை மீட்டருக்கு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றினாலும், நொடிக்கு 8 முறை அலையும் சக்கரத்துக்கு ஓர் அலைவே எட்டில் ஒரு நொடியில் முடிந்துவிடும் என்பதை நினைத்தால் இந்தத் தாமதத்தின் கனம் விளங்கும். சக்கரத்தை நேர்ப்படுத்த வேண்டிய விசை பிந்தி வருவதால், சக்கரம் ஏற்கெனவே நடுநிலைக்குத் திரும்பி அதைக் கடக்கும் வேளையிலும் அதே பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது. இவ்வாறு ஒவ்வோர் அலைவிலும் சிறிது ஆற்றல் உள்ளே சேர்கிறது.

இந்த ஆற்றலைத் தின்று தீர்ப்பது உராய்வு. சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங்குகள், பால் ஜாயின்ட்டுகள், இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு தண்டின் முனைகள், ஸ்டீயரிங் பெட்டி ஆகிய ஒவ்வொன்றும் அசைவுக்குச் சற்று எதிர்ப்புக் காட்டுகின்றன. இங்கேதான் இந்தக் கோளாற்றின் உள்மருமம் இருக்கிறது: டயர் ஊட்டும் ஆற்றல் அலைவின் வீச்சினது இருமடிக்கு ஏற்ப வளர, உலர் உராய்வு தின்னும் ஆற்றல் வீச்சுக்கு நேர்விகிதமாக மட்டுமே வளர்கிறது. ஆகவே அசைவு சிறிதாக இருக்கும்வரை உராய்வின் கை ஓங்கியிருந்து ஆட்டம் தானே அடங்கிவிடுகிறது. ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் டயரின் கை ஓங்கி, ஆட்டம் தன்னை வளர்த்துக்கொள்கிறது. டயர் தரக்கூடிய பிடிப்பு உச்சத்தைத் தொட்டபின் வளர்ச்சி நின்று, அதே பெரிய வீச்சில் ஆட்டம் நிலைகொள்கிறது. நேராக ஓடுவதும் பெரிதாக ஆடுவதும் அதே வேகத்தில், அதே வண்டிக்கு இயலக்கூடிய இரண்டு நிலைகள் ஆகிவிடுகின்றன. பள்ளத்தின் அடி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளிவிடும் வேலையை மட்டுமே செய்கிறது. தேய்மானத்தால் உராய்வு குறையக் குறைய எல்லை தாழ்ந்துகொண்டே வருவதால், முதலில் பெரிய பள்ளத்தில் மட்டும் தோன்றிய ஆட்டம், சில மாதங்களில் சாலையின் சிறு ஒட்டுக்கே எழுந்துவிடுகிறது. பேலன்சிங் செய்வதால் தூண்டுதல்களில் ஒன்று குறையலாம். தாழ்ந்துபோன எல்லை அதனால் உயர்வதில்லை.

இந்த ஆட்டம் பற்றிய ஆராய்ச்சிக்கு ஏறத்தாழ நூறாண்டு வயது ஆகிறது. 1920களில் முன்சக்கரங்களுக்கும் பிரேக் பொருத்தும் வழக்கமும், காற்றழுத்தம் குறைந்த பலூன் டயர்களும் ஒருசேரப் பரவியபோது, முன்சக்கர உதறல் கார்த் தொழிலின் பெருந்தலைவலி ஆயிற்று. பிரான்சின் பொறியாளர் ஜார்ஜ் புரூலியே 1925இல் இதை ஆராய்ந்தபோதுதான் டயரின் பக்கவாட்டு நழுவல் என்னும் கருத்தே தெளிவு பெற்றது. ஜெர்மனியில் பெக்கர், ஃபுரோம், மாரூன் ஆகிய மூவரும் கார் ஸ்டீயரிங்கின் அதிர்வுகள் பற்றி 1931இல் ஒரு நூலே வெளியிட்டனர். உருளும் சக்கரம் தன் சுழற்சித் தளத்திலிருந்து சாய்க்கப்படும்போது அதற்குச் செங்குத்தான திசையில் திரும்ப முற்படும் கைரோஸ்கோப் விளைவும் இந்தக் காலத்தில் கவனத்துக்கு வந்தது: திட ஆக்சிலின் ஒரு முனை பள்ளத்தில் இறங்கினால் இரு சக்கரங்களும் சேர்ந்தே சாய்கின்றன, சாய்ந்த சக்கரங்கள் ஸ்டீயரிங் திசையில் திரும்புகின்றன, திரும்பிய சக்கரங்கள் ஆக்சிலை மீண்டும் சாய்க்கின்றன. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சென்ற மாரிஸ் ஆலி இந்தப் பிணைப்பை அறுக்கும் வழியாகத் தனித்தனியே அசையும் முன்சக்கரங்களை வலியுறுத்தினார். 1934ஆம் ஆண்டு மாடல்களில் அந்த நிறுவனம் அவற்றைக் கொண்டுவந்தது. டயரின் இயக்கவியலில் பிற்காலத்தில் பெரும்பெயர் பெற்ற நெதர்லாந்தின் ஹான்ஸ் பாசெய்க்கா 1966இல் டெல்ஃப்டில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் பொருளும் சக்கர உதறலே.

கார்கள் கைவிட்ட திட ஆக்சிலை மலைப்பாதைக்கும் காட்டுப்பாதைக்கும் உரிய வண்டிகள் விடவில்லை. ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போது மறுசக்கரம் தரையில் அழுந்தி நிற்பதும், ஆக்சிலுக்கும் தரைக்கும் இடைப்பட்ட உயரம் மாறாதிருப்பதும், பாகங்கள் குறைவாகவும் வலிவாகவும் இருப்பதும் அவற்றுக்கு இன்றியமையாதவை. வில்லிஸ் ஜீப்பும், அதன் வழிவந்த மகிந்திரா ஜீப்புகளும், 1985இல் இந்தியாவுக்கு வந்து இராணுவத்திலும் வனத்துறையிலும் நெடுங்காலம் உழைத்த மாருதி ஜிப்ஸியும், இன்றைய ஜிம்னியும் ராங்லரும் இந்த அமைப்பை உடையவை. ஆகவே இந்த வண்டிகளில் உதறலுக்கான இயல்பு வடிவத்திலேயே இருக்கிறது. பாகங்கள் இறுக்கமாக இருக்கும்வரை அது உறங்குகிறது.

கோளாற்றைக் கண்டறிய முதலில் ஆட்டம் எப்போது வருகிறது என்பதைக் கேட்டறிய வேண்டும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் மெல்லிய நடுக்கமாக வந்து, அதற்கு மேலே போனால் மறைந்துவிடுமானால் சக்கரத்தின் எடைச் சமன், வளைந்த ரிம், வட்டம் கெட்ட டயர் ஆகியவற்றைப் பார்க்கலாம். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் அதிர்ந்தால் பிரேக் டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லை என்று பொருள். தரைத்தகட்டிலும் இருக்கையிலும் உணரப்பட்டு ஸ்டீயரிங்கில் அவ்வளவாகத் தெரியாத அதிர்வுக்குப் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் குறுக்கு மூட்டுகளைச் சோதிக்க வேண்டும். வண்டி ஆடாமல் பாதையில் அங்குமிங்கும் அலைவது வேறொரு குறை. அடிபட்டவுடன் எழுந்து, தானே வளர்ந்து, தொடங்கிய வேகத்துக்குக் கீழே இறங்கிய பின்னும் விடாமல் தொடர்ந்தால் அது இந்தக் கட்டுரை சொல்லும் ஆட்டம். இதற்குத் தளர்வைத் தேடுவதே வழி.

தளர்வைத் தேடும் சோதனைகளுள் மிகப் பயனுள்ளது எந்தக் கருவியும் வேண்டாத ஒன்று. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக் இட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியாயின் என்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகக் கால் சுற்று அளவுக்கு விடாமல் அசைத்துக்கொண்டிருக்க, மற்றொருவர் முன்பக்க அடியில் ஒவ்வொரு மூட்டையும் கண்ணால் பார்த்தும் விரலை வைத்துத் தொட்டும் வரவேண்டும். சக்கரங்கள் தரையில் அழுந்தியிருப்பது முக்கியம். ஜாக்கியில் தூக்கிய சக்கரத்தில் சுமை இல்லாததால் பல தளர்வுகள் மறைந்துபோகும். ஸ்டீயரிங் பெட்டியின் கை அசைந்தும் அதையடுத்துள்ள டிராக் லிங்க் தண்டு சற்றுப் பிந்தியே அசைந்தால் அந்த மூட்டில் தளர்வு இருக்கிறது. பெட்டியே சேசிஸ் சட்டத்தின்மேல் நகர்ந்தால் அதன் போல்ட்டுகளையும் சட்டத்தில் விரிசல் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்குப் பொறுமை வேண்டும், ஏனெனில் ஓரிரு மில்லிமீட்டர் தளர்வு ஒரு மூட்டில் அற்பமாகத் தெரிந்தாலும், ஐந்தாறு மூட்டுகளில் சேரும்போது சக்கரத்தின் விளிம்பில் பெரிதாகி நிற்கிறது. அலைன்மென்ட் இயந்திரம் நிற்கும் வண்டியின் கோணங்களை மட்டும் அளப்பதால், எல்லா எண்களும் சரியாக இருக்கும் வண்டியிலும் இந்தத் தளர்வுகள் தங்கியிருக்க முடியும்.

பான்ஹார்ட் ராடு என்னும் குறுக்குத் தண்டுக்குத் தனிக் கவனம் தேவை. காயில் ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் அதைச் சேசிஸோடு கட்டிவைப்பது இந்த ஒரே தண்டு. இதன் ரப்பர் புஷ் கிழிந்தாலோ, போல்ட் தளர்ந்து தன் துளையை நீள்வட்டமாகத் தேய்த்துவிட்டாலோ, ஸ்டீயரிங் அசையும் ஒவ்வொரு முறையும் ஆக்சில் முழுவதும் வண்டிக்குக் கீழே பக்கவாட்டில் நகர்கிறது. நீண்ட துளையில் போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் பயன் நிலைக்காது. துளையைச் சரியான அளவுக்குத் திருத்தி, தடித்த வாஷர் வைத்துப் பற்றவைத்து, கையேட்டில் சொன்ன முறுக்குவிசை அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரங்கள் தரையில் நிற்கும் நிலையில் இறுக்குவது முறை. ஜிப்ஸி, பழைய ஜீப் போன்ற பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் பட்டைகளே ஆக்சிலைத் தாங்குவதோடு நிலைநிறுத்தவும் செய்வதால், ஷேக்கிள் புஷ்களும் யு போல்ட்டுகளும் பட்டைக்கட்டின் நடு போல்ட்டும் இந்தத் தண்டின் இடத்தை வகிக்கின்றன.

அடுத்தது கிங் பின். சக்கரம் திரும்பும் அச்சுக்கோட்டின் மேலும் கீழும் உள்ள இந்தப் பேரிங்குகளோ பால் ஜாயின்ட்டுகளோ தேய்ந்தால், மேலே சொன்ன உராய்வின் பெரும்பகுதி போய்விடுகிறது. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டயரின் மேல்முனையையும் கீழ்முனையையும் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். மிதித்தவுடன் ஆட்டம் மறைந்தால் குறை வீல் பேரிங்கில் இருக்கிறது. மறையாமல் தொடர்ந்தால் கிங் பின்னிலோ பால் ஜாயின்ட்டிலோ இருக்கிறது. பக்கவாட்டு விளிம்புகளைப் பிடித்து அசைக்கும்போது தெரியும் ஆட்டம் டை ராடு முனைகளைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் கிங் பின் பேரிங் கைக்கு ஆடாவிட்டாலும் தன் முன்னிறுக்கத்தை இழந்திருக்கக்கூடும். டை ராடையும் எண்ணெய்ச் சீலையும் கழற்றியபின், சக்கரத்தைத் திருப்பும் கையின் முனையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, அசையத் தொடங்கும் விசையைக் கையேட்டின் அளவோடு ஒப்பிட்டு, பேரிங் மூடிக்கு அடியிலுள்ள மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ அதைச் சரிசெய்கிறார்கள். சிறிய ஜீப் வகைகளில் இந்த விசை ஓரிரு கிலோ அளவே என்றாலும், உதறலுக்கும் அமைதிக்கும் இடைப்பட்ட எல்லையை உயர்த்துவதில் இதற்கு இணையான பழுதுபார்ப்பு வேறில்லை. பல பட்டறைகள் இதைச் செய்யாமல் விடுவது வருந்தத்தக்கது. புதிய டாம்பரை விடச் செலவு குறைந்த இந்த வேலைக்கு நேரமும் நிதானமும் மட்டுமே கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

வண்டியின் உயரத்தைக் கூட்டியவர்கள் காஸ்டர் கோணத்தை மறந்துவிடுவதுண்டு. கிங் பின்னின் அச்சுக்கோடு பக்கவாட்டிலிருந்து பார்க்கையில் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவே காஸ்டர். திருப்பிய ஸ்டீயரிங் தானே நேராவதற்கு இதுவே முதற்காரணம். ஆக்சிலோடு இறுகப் பொருத்திய ரேடியஸ் ஆர்ம் 90 செ.மீ. நீளமுள்ளதாக இருந்து, வண்டியை 75 மி.மீ. உயர்த்தினால், ஆக்சில் ஏறத்தாழ 5 பாகை முன்னோக்கிச் சுழன்றுவிடுகிறது. தொடக்கத்தில் 3 அல்லது 4 பாகையே இருந்த வண்டியில் காஸ்டர் பூஜ்யத்துக்கும் கீழே போய், வண்டி பாதையில் நிற்க மறுக்கும். இதற்கு மையம் விலகிய புஷ்களோ திருத்தி வளைத்த ஆர்ம்களோ வேண்டும். பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைப்பார்கள். காஸ்டரைக் கூட்டக் கூட்ட நல்லது என்ற எண்ணமும் தவறு, ஏனெனில் அளவுக்கு மீறிய காஸ்டரும் உதறலைத் தூண்டும், ஆக்சிலோடு சேர்ந்து டிஃபரென்ஷியலின் முகமும் திரும்புவதால் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டுக் கோணமும் கெடும். உயர்த்திய வண்டியில் பான்ஹார்ட் ராடும் டிராக் லிங்க்கும் முன்பிருந்தபடி ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று முன்னால் நின்று பார்ப்பதும் அவசியம். இணை கெட்டால் ஸ்பிரிங் அமுங்கும்போதெல்லாம் சக்கரங்கள் தாமாகவே சற்றுத் திரும்பும்.

டோ எனப்படும் முன்சக்கரங்களின் உள்நோக்கை, டயர்களின் முன்விளிம்புகளுக்கும் பின்விளிம்புகளுக்கும் இடைப்பட்ட தூரங்களை நாடாவால் அளந்தே கண்டுகொள்ளலாம். முன்புறத் தூரம் 2 அல்லது 3 மி.மீ. குறைவாக இருப்பது பெரும்பாலான வண்டிகளுக்கு ஏற்றது.

பெரிய டயர் போடுவதன் விலையும் இங்கே தெரிகிறது. சக்கரத்தின் எடை 20 விழுக்காடும் ஆரம் 10 விழுக்காடும் கூடினால், திரும்பும் அசைவுக்கும் சுழற்சிக்கும் எதிராக நிற்கும் நிலைமத் திருப்புத்திறன் ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுகிறது. கைரோஸ்கோப் விளைவும் மூட்டுகளின் மீது விழும் அடியும் அதற்கேற்பக் கூட, மூட்டுகளோ பழைய அளவிலேயே இருக்கின்றன. சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர்கள் சாலையின் ஒவ்வோர் அடிக்கும் நெம்புகோல் நீளத்தைக் கூட்டிக் கொடுக்கின்றன.

ஸ்டீயரிங் டாம்பர் என்பது எண்ணெயின் தடையால் அசைவின் ஆற்றலை வெப்பமாக்கும் ஒரு சிறு ஷாக் அப்சார்பர். அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை: 2018, 2019 மாடல் ராங்லர்களில் எழுந்த உதறல் புகார்களுக்கு அவற்றின் தயாரிப்பாளர் 2019இல் அறிவித்த தீர்வு புதிய வடிவ டாம்பரே. மூட்டுகள் புதிதாக உள்ள வண்டியில், வடிவமைப்பின் கணக்கில் சேர்ந்த ஒரு பாகமாக அது தன் பங்கைச் செய்கிறது. 1,00,000 கி.மீ. ஓடித் தேய்ந்த வண்டியில் நிலைமை வேறு; அங்கே டாம்பர் இழந்த உராய்வுக்கு ஈடாக நின்று தளர்வை மறைக்க, மறைந்த தளர்வு துளைகளையும் மூட்டுகளையும் மேலும் அரிக்கிறது. ஆகவே சோதனை ஓட்டத்தின்போது டாம்பரைக் கழற்றிவிட்டு, போக்குவரத்தற்ற சாலையில் மெதுவாக வேகத்தைக் கூட்டி, ஆட்டம் தலைகாட்டுகிறதா என்று தேர்ந்த மெக்கானிக்குகள் பார்ப்பதுண்டு. எல்லாம் இறுகிய வண்டி டாம்பர் இல்லாமலும் நேராக ஓடும்.

ஓடும்போதே ஆட்டம் எழுந்துவிட்டால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கட்டைவிரல்களை ஸ்டீயரிங்கின் கம்பிகளுக்குள் நுழைக்காமல் வெளிப்புறமாக வைத்துப் பிடித்து, எதிர்த்துத் திருப்பப் போராடாமல், பிரேக்கைச் சீராக அழுத்தி வேகத்தைக் குறைத்துச் சாலையோரம் ஒதுங்க வேண்டும். பின்னால் வருபவர்களுக்கு அறிகுறியாக எச்சரிக்கை விளக்குகளை, கை ஒழிந்த கணத்தில் போட்டுவிடலாம். ஒதுங்கிய இடத்திலேயே பான்ஹார்ட் ராடின் இரு போல்ட்டுகளையும் டை ராடு முனைகளின் நட்டுகளையும் அவற்றின் பூட்டு ஊசிகளையும் பார்த்துவிட்டு, பட்டறை வரை மெதுவாகவே ஓட்டிச் செல்ல வேண்டும், ஏனெனில் ஒருமுறை எழுந்த பெரிய ஆட்டமே அதுவரை நன்றாக இருந்த புஷ்களையும் துளைகளையும் கெடுத்திருக்கக்கூடும். பழுது நீங்கியபின்னும் சில நூறு கி.மீ. ஓடியதும் புதிதாக இறுக்கிய போல்ட்டுகள் அனைத்தையும் அதே முறுக்குவிசைக்கு மறுபடி சரிபார்ப்பது வழக்கம்.